செரிப்பானுக்கு இடமில்லை

தெற்கு வாசலை மூடி முடித்த பிறகுதான், கிழக்கு வாசலைத் திறக்க இடமில்லை என்று செரிப்பான் அறிவித்தது.

எழிலரசிக்கு நிறைமாதம். முதல் வலி அப்போதுதான் வந்து அடங்கியிருந்தது. அவள் கணவன் தணிகைவேல், கதவு இருந்த இடத்தில் நின்ற புதுச்சுவரை அசடு வழியப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வாசலும் ஒரே நேரத்துல தொறந்திருக்கக் கூடாதுன்னு வாஸ்துக்காரர் சொன்னாரு எழிலு. அதான் நல்ல நேரத்துல மொதல்ல இத மூடிட்டேன்."

"கூடத்துத் தடுப்பை இடிச்சு, அந்தக் கல்லாலயா?"

"ஆமா. கொழந்தை கெழக்கு வாசல் வழியா வந்தா நல்லதுன்னாரு."

செரிப்பான் பீரோ அளவு இயந்திரம். இடிபாட்டை மென்று மாவாக்கி, மீள்கல்லாக வார்த்து, வேறொரு சுவரில் ஒட்டிவிடும். சட்டப்படி வீட்டுக்கு ஒன்று. ஒரு மனையில் உடைந்ததில் ஒரு கைப்பிடிகூட அந்த மனையை விட்டு வெளியே போகக் கூடாது. ஆள் புழங்கும் அறையை நிரப்பவும் கூடாது. வைக்க இடமில்லை என்றால் செரிப்பான் இடிக்காது. மீள்கல்லோ சம்மட்டிக்கு மசியாது.

அந்த விதியை எழுதியவள் நகராட்சிப் பொறியாளர் எழிலரசிதான். கட்டடக் குப்பையை லாரி லாரியாகக் கொட்டி ஊர் ஏரியைத் தூர்த்தவர்களோடு மல்லுக்கு நின்று, 'எக்காரணத்துக்கும் விலக்கு இல்லை' என்ற வரியைச் சேர்த்தாள். ஏரியில் மறுபடி தண்ணீர் நின்றது. தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு இப்போதும் சந்தேகமில்லை.

ஆனால் தணிகைவேலுக்கு வாஸ்துப் பைத்தியம். அவன் உடைத்த ஒவ்வொரு சுவரும் இன்னொரு சுவரின் மேல் ஏறிக்கொண்டது. சுவர்கள் தடித்துத் தடித்து, சன்னல்கள் கை நுழையும் துவாரங்களாகச் சுருங்கிவிட்டன.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. வாசல்தான் இல்லை. ஆணை இல்லாமல் மீள்கல்லைத் தொட முடியாது என்று கூடவே வந்த தீயணைப்புக்காரர்கள் கைவிரித்தார்கள். நகராட்சியின் தானியங்கிக் குரல், மனுப் போட்டால் மூன்று வேலை நாளில் ஆணை வரும் என்று கனிவாகச் சொன்னது.

அடுத்த வலி வந்தது. எழிலரசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர்தான் இருந்தது.

"அந்தப் பழைய நிலைக்கட்டையைச் செதுக்கித் துவாரத்துக்கிட்ட கொளுத்துங்க."

"எரிச்சா குத்தம்னு நீதானே சொல்லுவ?"

"ஆள் மாட்டிக்கிட்டா மனு. பொக வந்தா உடனே ஆள் வரும். அதையும் நான்தான் எழுதினேன்."

புகை எழுந்த வேகத்தில், ஊரில் புகையை வேவு பார்க்கும் நகராட்சியின் குட்டி விமானமான புகைக்கண் பறந்து வந்து, துவாரத்தில் மூக்கை நுழைத்து நுரையைப் பீய்ச்சியது. பின்னாலேயே நகராட்சி ஆய்வாளர் ஆரோக்கியம் வந்துவிட்டார். துவாரத்தில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது.

"எரிச்சது நீங்களா மேடம்?"

"ஆரோக்கியம், சுவரைத் தொறக்க ஆணை குடுங்க. என்னால முடியல."

"இப்பவே குடுத்துடறேன். ஆனா இடிபாட்ட எங்க வைக்கிறது?"

"ரோட்டோரமா… ஒரு மணி நேரம் மட்டும்."

"நீங்க எழுதின வரிதான் மேடம். மனையைத் தாண்டினா எந்திரமே நின்னுடும். ஏதாவது ஒரு ரூம், ஆள் இருக்கற எடம் இல்லன்னு சொல்லுங்க. அதுல ரொப்பிடலாம்."

வீட்டில் காலியாக இருந்தது ஒரே அறைதான். குழந்தைக்கென்று இளம்பச்சை வண்ணம் அடித்து, தொட்டில் கொக்கி மாட்டி வைத்த அறை. எழிலரசி அழுதுகொண்டே அதைக் காட்டினாள். செரிப்பான் கிழக்குச் சுவரைக் கடிக்கத் தொடங்கியது.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மாவிலை கட்டிய கிழக்கு வாசல் வழியாகவே மூவரும் வீடு திரும்பினார்கள். குழந்தையின் அறை இருந்த இடம் கெட்டிக் கல்லாகியிருந்தது. தென்மேற்கு மூலை கனமாக இருப்பது யோகம் என்று வாஸ்துக்காரர் மெச்சினாராம்.

கூடத்தில் தூளி கட்டியதும் சமையலறைக்குப் போக வழியில்லாமல் போயிற்று. தணிகைவேல் தலையைச் சொறிந்தான்.

"இந்தச் சுவத்த மட்டும் லேசா இடிச்சுட்டா…"

மூலையில் செரிப்பான் வாயைத் திறந்தது. எழிலரசி குழந்தையை அள்ளிக்கொண்டு, திறந்திருந்த வாசல் வழியாக ஓடிப்போய்த் தெருவில் நின்றாள்.