அலுமாரிக் கால்களில் நின்ற தண்ணீர்

“காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடக் கவனமா இருக்கோணும், தெரியுமா?”

முந்தின மாதம் றிஷானா டெங்குவோடு படுத்திருந்தபோது தாதி கேட்ட கேள்வி அது. அன்று காலை அது அவள் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது!

அவளுடைய பை வாசலில் கிடந்தது. மாமி உம்மு குல்சும்தான் தூக்கி வைத்திருந்தார்.

“கிண்ணியாவிலருந்து காய்ச்சலக் கொண்டுவந்து என்ட மகளுக்கும் குடுத்திட்டாய்... உன்ட உம்மா வீட்ட போ! கட்டாரிலருந்து உன்ட புருஷன் அர்ஷாக் கேட்டா நான் சொல்லிக்கிறன்!”

“தொட்டு வாற காய்ச்சல் இல்ல மாமி... என்னைக் கடிச்ச நுளம்பு ஜுமானாவையும் கடிச்சிருக்கும். அது இந்த வீட்டுக்குள்ள எங்கயோ பெருகுது!”

“என்ட வீடு ஊத்தையா? ஒரு நாளைக்கு மூணு தரம் கூட்டுறன்டி!”

உள்ளே ஜுமானாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. மாமி மகிழ்ச்சியில் கஞ்சி வைத்தார். றிஷானா ஜுமானாவின் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள் ஜுமானா.

“மாமி, இது சுகமில்ல... இரத்தக் குழாயிலருந்து நீர் கசியிற நேரம்! ஆஸ்பத்திரிக்குப் போகோணும்!”

“என்ட புள்ளயத் தொடாத!”

“உம்மா... நான் மதினியோட போறன்...” என்றாள் ஜுமானா.

அந்த ஒரு வார்த்தை போதும்! முச்சக்கர வண்டி பறந்தது.

“சரியான நேரத்தில கொண்டு வந்திருக்கிறீங்க,” என்றார் டொக்டர். ஐந்து நாள் றிஷானா வார்டிலேயே இருந்தாள். ஆறாம் நாள், பசிக்குது என்று இனிப்பு வட்டிலப்பம் கேட்டாள் ஜுமானா!

வீடு திரும்பியபோது பை வாசலிலேயே கிடந்தது. பின்னாலேயே, டெங்கு வந்த வீட்டைப் பார்க்கச் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார். முற்றத்தில் ஒன்றுமில்லை. குசினியில் குனிந்து டோர்ச் அடித்தார். சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலுக்கும் கீழே, எறும்பு ஏறாமல் வைத்த தண்ணீர்க் கிண்ணங்கள்... அத்தனையிலும் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன!

“இதுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?”

மாமியின் முகம் வெளுத்தது. கழுவிக் கொட்டாமல், வற்ற வற்ற ஊற்றியவர் அவர்தான்.

“நான்தான் சேர்,” என்றாள் றிஷானா. ஏச்செல்லாம் வாங்கிக்கொண்டாள்.

பரிசோதகர் போனதும் மாமி உடைந்து அழுதார். “நான்தானே புள்ள ஊத்தினன்... ஏன்டி பழிய எடுத்தாய்?”

“நீங்க எறும்புக்குத்தானே ஊத்தினீங்க, மாமி.”

மாமி அவளை இறுகக் கட்டிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தார், வாசலில் கிடந்த பையைத் தூக்கினார், றிஷானாவின் அறைக்குள் நடந்தார்.