பூனைக்கு அடியில் நான்காவது வரி

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் தேடிப் போவதில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, காது திறந்திருக்கிறது, செய்தி தானாக வருகிறது. பிள்ளைகள் எனக்கு 'ஜன்னல் அத்தை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால், தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு செய்தி எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருமுனையில், நகராட்சியின் அறிவிப்புப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒருவர் சைக்கிளில் பசைவாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். அவருக்குப் பெயரே பசைவாளி ஆகிவிட்டது. போன வாரத் தாளைக் கிழிக்கமாட்டார். அதன் மேலேயே புதுத் தாளை ஒட்டுவார். ஒட்டி ஒட்டிப் பலகை தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது.

தாளில் ஏழெட்டு வரிகள் இருக்கும். முதல் வரி எப்போதும் தண்ணீர் வரி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று அதில் இருக்கும். தெருவில் எல்லாரும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டாவது வரிக்குப் போனவரை நான் பார்த்ததே இல்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற நானே சொல்கிறேன்.

பலகைக்கு மூன்று அடி தள்ளி, சாவிக்காரரின் தகரப் பெட்டிக்கடை. உள்ளே ஒரு முக்காலி, சுவரெல்லாம் சாவிகள், கையில் எப்போதும் ஓர் அரம். பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"எதுக்குங்க படிக்கணும்? ஏதாவது இருந்தா உங்க ஜன்னல் சொல்லிடுமே!" என்பார்.

எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனி பம்பரம். என் பக்கத்து வீட்டுப் பெண். ஐந்தாம் வகுப்பு. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவள் அம்மா தபால்காரர். ஊரில் எல்லாருடைய கடிதத்தையும் சரியான வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். தன் வீட்டுச் சாவியை மட்டும் எங்காவது விட்டுவிட்டு வருவார். மாதத்துக்கு இரண்டு முறையாவது தாயும் மகளும் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பார்கள்.

சாவிக்காரர் சிரித்துக்கொண்டே வருவார். "என்ன தபாலம்மா, இன்னைக்கும் சொந்த வீட்டுக்குள்ள போக வழியில்லையா?"

"சிரிக்காதீங்க அண்ணே. மானம் போகுது. சீக்கிரம் திறங்க."

அவர்கள் வீட்டில் ஒரு பூனையும் உண்டு. நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து தூங்கும். யாராவது எழுப்பினால் முறைக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜரைக் காணவில்லை. பம்பரம் அழுதுகொண்டே ஒரு பெரிய தாளில் படம் வரைந்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'மேனேஜரைக் காணவில்லை' என்று எழுதினாள். பலகையில் எங்கே ஒட்டுவது என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஜன்னலில் இருந்தே வழி சொன்னேன். "தண்ணி வரி தெரியிற மாதிரி ஒட்டும்மா. இல்லேன்னா எல்லாரும் உன்னைத் திட்டுவாங்க."

"சரி அத்தை."

முதல் வரியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே அழகாக ஒட்டினாள். 'எவ்வளவு பொறுப்பான பிள்ளை' என்று நான் மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மேனேஜர் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியின் மேல், என் நல்ல சால்வைக்குள் சுருண்டு கிடந்தது. பம்பரம் அதைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

"பலகையில இருக்கிற படத்தை எடுத்துடு," என்றேன்.

"நாளைக்கு எடுத்துடறேன் அத்தை!"

புதன்கிழமை அவளுக்குப் பரீட்சை. வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. தினமும் அந்தப் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய்க் கிழித்திருக்கலாம். என் வாசலில் இருந்து பத்தே அடி.

அடுத்த திங்கட்கிழமை காலை, பசைவாளிக்கு முன்னால் நகராட்சி லாரி வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் பட்டியல். நேராகப் பெட்டிக்கடைக்குப் போனார்கள்.

"சாமானை எல்லாம் எடுத்து வைங்க. கடையை ஏத்தணும்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "ஏத்தணுமா? எதுக்குங்க?"

"நீங்க பேர் பதியல. வெள்ளிக்கிழமையோட கெடு முடிஞ்சுபோச்சு."

"என்ன கெடு? எனக்கு யாரும் சொல்லலையே!"

சொல்லிவிட்டு அவர் என் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ விட்டுப்போயிருக்கும், இப்போதாவது சொல்லுவேன் என்று காத்திருக்கிற பார்வை. 

"பலகையில போட்டிருக்கோமே," என்றார் பட்டியல்காரர்.

எல்லாரும் பலகையைத் திரும்பிப் பார்த்தோம். மேனேஜர் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

பள்ளிக்குக் கிளம்பி வந்த பம்பரம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் படத்தை உரித்தாள். பாதி கிழிந்து, பாதி கையோடு வந்தது. அடியில் நான்காவது வரி இருந்தது.

'நடைபாதைக் கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். பதியாதவர்களின் கடைகள் திங்கட்கிழமை அகற்றப்படும்.'

மற்றத் தெருக்களின் கடைக்காரர்கள் எல்லாரும் பதிந்துவிட்டார்களாம். அவர்கள் தெருவிலும் பலகைகள் இருந்தன. அவற்றில் பூனை இல்லை.

அதே தாளில் கடைசி வரியும் இருந்தது. 'இந்தப் பலகையில் வேறு எதையும் ஒட்டக் கூடாது.' அது ஒவ்வொரு வாரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

பம்பரத்தின் உதடு துடித்தது. சாவிக்காரர் அவள் கையில் இருந்த கிழிந்த படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. ஒரு பக்கம் மட்டும் மீசை கொஞ்சம் அதிகம்," என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட அவள் அப்படி அழுதிருக்கமாட்டாள்.

லாரி போனபின் நடைபாதையில் நாலு துருக்கறைகள் மட்டும் இருந்தன. பெட்டிக்கடையின் நாலு கால்கள் நின்ற இடம்.

பம்பரம் அன்று பள்ளி விட்டதும் நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். காய் வாங்கப் போகிற சாக்கில்தான். பை கூட எடுத்துக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த எழுத்தர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும் பாப்பா?"

"ஒரு பேர் எழுதணும் மேடம். சாவி மாமா பேர். அவர் தப்பு பண்ணல. நான்தான் பூனை படத்தை ஒட்டி மறைச்சுட்டேன். பூனை அன்னைக்கே வந்துடுச்சு. நான்தான் எடுக்கல."

எழுத்தர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"லிஸ்ட் பெரிய ஆபீசுக்குப் போயாச்சேம்மா."

"திரும்பக் கூப்பிட முடியாதா? எங்க மேனேஜர்கூட கூப்பிட்டா வந்துடும்."

"லிஸ்ட் வராதும்மா. பலகையில ஒட்டினா எல்லாருக்கும் தெரியும்னுதான் எங்க கணக்கு. பூனையை நாங்க கணக்குல சேர்க்கல."

பம்பரம் நகரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற ஒண்ணுமே செய்ய முடியாதா?"

எழுத்தர் அம்மா பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்தார். "இது காத்திருப்போர் பட்டியல். இதுல அவர் கையெழுத்துப் போடட்டும். எங்கயாவது இடம் காலியானா பலகையில போடுவோம். பார்த்துட்டு ரெண்டு நாள்ல வந்துடணும். வரலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். தேடிப் போயெல்லாம் சொல்ல மாட்டோம்."

"நான் தேடிப் போய்ச் சொல்றேன்," என்றாள் பம்பரம்.

சாவிக்காரர் தன் கடையை நகராட்சியிடம் இருந்து மீட்டு, ரயில்வே கேட்டுக்கு அப்பால் பழைய மர டிப்போவின் ஓரத்தில் வைத்திருந்தார். அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பம்பரம் அம்மாவின் சைக்கிளில் பின்னால் ஏறி, தாளோடு போய் அவர் கையெழுத்தை வாங்கி வந்தாள். அங்கே நடந்ததைத் தபாலம்மா எனக்குச் சொன்னார். அவர் சொன்னது பாதி, நான் கறந்தது மீதி.

"படத்தை அப்பவே எடுத்திருக்கணும் மாமா," என்றாளாம் பம்பரம்.

"நானும் திரும்பிப் பார்த்திருக்கணும். மூணு அடிதானே," என்றாராம் அவர்.

என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பசைவாளி ஒட்டிவிட்டுப் போனதும் பம்பரம் அந்த நாலு துருக்கறைகளுக்கு நடுவில் போய் நின்றாள். தாளை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"இரண்டு. நாய் வளர்ப்பவர்கள்..."

"ஏய், முதல் வரியை விட்டுட்டே! தண்ணி எப்போன்னு சொல்லு!" என்று மாடியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அதைக் கடைசியிலதான் சொல்லுவேன்."

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா உனக்கு?"

"குறுக்கே பேசினா இன்னும் நேரமாகும் மாமா."

வேறு வழி இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு நின்றார்கள். நாய்க்கு உரிமம், சாக்கடை அடைப்பு, தெருவிளக்குப் புகார் எண் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது. அதாவது, வராது என்று தெரிந்தது.

மேலும் இரண்டு திங்கட்கிழமைகள் போனதும், எங்கள் தெருவின் எரியாத விளக்கு எரிய ஆரம்பித்தது. யாரோ அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்த விளக்கின் வெளிச்சம் அந்த நாலு கறைகளின் மேல்தான் விழுந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதினோராவது திங்கட்கிழமை. பம்பரம் வழக்கம்போலப் படித்துக்கொண்டே வந்தாள்.

"ஆறு. மருத்துவமனை வாசலில் ஒரு கடை இடம் காலியாக உள்ளது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைக்குள்..."

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையம் இருக்கும் திசையில் பறந்தாள்.

"ஏய் பம்பரம்! தண்ணி வரி!" என்று தெருவே கத்தியது. அவள் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் தபாலம்மாவின் சைக்கிள் மர டிப்போப் பக்கம் பறந்தது. பின்னால் பம்பரம், முன்னால் தபால் பை. அன்று ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் தாமதம். பம்பரம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பாடம் நடந்துகொண்டிருந்ததாம். ஆனால் சாவிக்காரர் அன்று மதியமே எழுத்தர் அம்மா முன்னால் நின்றார். வரிசையில் முதல் ஆள் அவர்தான்.

புதன்கிழமை காலை எங்கள் தெருவில் பாதிப் பேர் உடம்பெல்லாம் சோப்போடு நின்றார்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நானும் அப்படித்தான் நின்றேன். பலகை அங்கேயேதான் இருந்தது. யாரும் போய்ப் படிக்கவில்லை. ஆனால் பம்பரத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

மருத்துவமனை வாசல் நல்ல இடம்தான். கூட்டம் வருகிறது, கடை ஓடுகிறது. ஆனால் அது எங்கள் தெரு இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் இப்போது இரண்டு பேருந்து நிறுத்தம் நடக்க வேண்டும். தபாலம்மா சாவியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டிருக்கிறார். துருக்கறைகள் மழையில் மங்கிக்கொண்டே வருகின்றன.

போன திங்கட்கிழமை, பம்பரம் படிக்க ஆரம்பித்ததும் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. வயதாகிறது. எழுந்து வெளியே வந்து, பலகைக்கு அருகிலேயே போய் நின்று கேட்டேன். பின்னால் காற்றில் கதவு 'படார்' என்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே.

பம்பரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நடந்தேன். மருத்துவமனை வாசலில் சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கடையை லாரியில் ஏற்றிய அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வாங்கக்கா, உட்காருங்க," என்று முக்காலியை என் பக்கம் தள்ளினார். "இந்த வாரம் பலகையில என்ன போட்டிருக்கான்?"

நான் இரண்டாவது வரியில் இருந்து ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. தண்ணீர் வரியைக் கடைசியில்தான் சொன்னேன்.