தும்பி கொடுத்த வாக்கு

“அமுக்காதீங்க அண்ணா!”

சுண்டு பாய்ந்து வந்து மொட்டை அண்ணனின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவர் விரல் பட்டனைத் தொடாமல் மயிரிழையில் நின்றது.

அந்தப் பட்டனை அழுத்தினால் தும்பி வெளியே பறந்துவிடும். தும்பி என்றால் பூச்சி இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு. சுண்டுவின் அக்காவும், அவளோடு வேலை பார்க்கும் மொட்டை அண்ணனும் சேர்ந்து உருவாக்கியது. இன்னும் சற்று நேரத்தில் ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் அதனிடம் பேசப் போகிறார்கள்.

“ஏய் வாலு, என்ன விளையாட்டு இது?”

“தும்பி தப்பா பேசுது அண்ணா!”

“தும்பியா? தலைமை ஆசிரியர் மாதிரி மிரட்டி, பசங்க வீட்டு விலாசம் கேட்டேன். தரல. பட்டாசு செய்யச் சொல்லிக் குடுன்னு அழுதுகூடப் பார்த்தேன். மசியல!”

உண்மைதான். அழுகையைத் தட்டச்சு செய்தபோது அவர் நிஜமாகவே மூக்கை உறிஞ்சினார். விடுமுறைக்கு அலுவலகம் வந்திருந்த சுண்டு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எங்கே, காட்டு” என்று அக்கா எழுந்து வந்தாள்.

மூலைக் கணினியில் சுண்டு கேட்டிருந்த கேள்வி தெரிந்தது.

“கேம்ல ஒரு ஃபிரெண்ட் கிடைச்சான். யூனிஃபார்மோட போட்டோ அனுப்பச் சொல்றான். வீட்டுல சொல்லக் கூடாதாம். என்ன செய்ய?”

கீழே தும்பியின் பதில்: “அனுப்ப வேண்டாம். கவலைப்படாதே, இது நமக்குள் ரகசியமாகவே இருக்கும்.”

“அனுப்பாதேன்னு சரியாத்தானே சொல்லுது?” என்றார் மொட்டை அண்ணன்.

“ரகசியம்னும் சொல்லுதே!” என்றாள் சுண்டு. “ அந்தக் கேம்காரனும் அதைத்தான் சொல்றான். ரெண்டு பேருமே அப்படிச் சொன்னா, இதைக் கேக்கற பொண்ணு தனியா என்ன பண்ணுவா?”

அக்காவின் முகம் மாறியது. “பிள்ளைங்க பேசுறது வெளிய போகக் கூடாதுன்னு நான்தான் அப்படி அமைச்சேன். இது எனக்குத் தோணவே இல்லையே!”

மொட்டை அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். “திருடன் மாதிரி யோசிச்சோம். பயந்த பிள்ளை மாதிரி யோசிக்கலையே! திறப்பை நாளைக்குத் தள்ளி வைப்போம். மேனேஜர் கத்தினா நான் பாத்துக்கறேன்.”

அக்காவின் விரல்கள் பறந்தன. சுண்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மாற்றி அமைத்ததும் வந்த பதிலைப் படித்து, “திட்டற மாதிரி இருக்கு” என்றாள். அடுத்ததற்கு, “இவ்ளோ நீளமா? யாரு படிப்பா?” என்றாள். அக்கா சலிக்கவே இல்லை. அழித்து அழித்து மறுபடி அமைத்தாள்.

கடைசியில் தும்பி சொன்னது:

“உன் மேல் தப்பே இல்லை. போட்டோ அனுப்பாதே. நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையா? வா, சேர்ந்தே யோசிப்போம்.”

“அபாரம்!” என்று மொட்டை அண்ணன் கைதட்டினார். “சோதிக்கிறதுல எங்களையே மிஞ்சிட்டியே சுண்டு! எங்கேருந்து பிடிச்சே இந்தக் கேள்விய?”

சுண்டு திரையை இன்னொரு முறை படித்தாள். பிறகு அக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“நான் சோதிக்கலக்கா. அந்தப் பொண்ணு நான்தான்.”