வெள்ளை நாயின் வாய்

நேற்று மாலை ஓவியத்தில் கட்டைவிரலால் தேய்த்த இடம் இன்னும் காயவில்லை. சட்டத்துக்கு ஆணி பார்க்கிற சாக்கில் குனிந்த தச்சர் மறுபடி உற்றுப் பார்த்தார். ஒரு சொட்டு எச்சில், விடிந்து மத்தியானம் ஆகியும் ஈரமாகவே இருக்குமா?

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் பழைய ஓவியங்களுக்கு அழுக்கெடுப்பது அவர் மகளின் வேலை. பஞ்சை நாக்கில் நனைத்துத்தான் துடைப்பாள். இந்தப் பிரெஞ்சு ஓவியத்தில் மட்டும், குளத்தில் குளிக்கும் தேவதையின் கைப்பக்கம் தொடக்கூடாது என்று அங்கே மேற்பார்வை பார்க்கும் நிபுணர் அம்மா சொல்லியிருந்தாள். தொடாதே என்றால் எதையோ மறைக்கிறார்கள். படித்தவர்களைத் தச்சர் என்றைக்கு நம்பினார்? மகள் கைகழுவப் போன நேரத்தில் விரலை நக்கித் தேய்த்துவிட்டார். மஞ்சள் அழுக்கு விலகி, தேவதையின் விரல்களிலிருந்து தெறிக்கும் தண்ணீர்த் துளிகள் தெரிந்தன. அவர் முகத்தில் ஏதோ சில்லென்று பட்டது.

காலையிலிருந்து நெற்றியின் இரண்டு பக்கமும் அரிப்பு. பின்கட்டு முற்றத்தில் அவர் கூட்டிவந்து கட்டியிருந்த வெள்ளையன், பதினோரு வருஷமாக அவர் கையால் தின்ற நாய், இன்று வாலாட்டவில்லை.

"கரையில கிடக்கிற அவ துணியைப் பாரு, நீலம்னா தூய்மை. அவ யாரும் பார்க்கக்கூடாதவ," நிபுணர் அம்மா மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "வேட்டைக்காரன் பார்த்துட்டான். மூஞ்சில தண்ணிய அடிச்சு மானாக்கிட்டா. அப்புறம் அவன் வளர்த்த நாய்ங்களே அவனைக் கிழிச்சுது."

"குளிக்கிற எடத்துக்கு ஒரு கதவு போட்டிருந்தா இந்த வம்பே இல்ல," என்றார் தச்சர். குரல் கரகரத்தது.

மகள் சிரித்தாள். "சிவப்பு ஏம்மா இந்த வெள்ளை நாய் வாயில மட்டும்?"

"அதுக்குத்தான் அவன்மேல பாசம் ஜாஸ்தி. முதல் கடி அதோடது." நிபுணர் அம்மா சட்டென்று ஓவியத்தருகே குனிந்தாள். "இங்க யார் கை வெச்சது? படிச்சுப் படிச்சு சொன்னேனே! நாளைலேர்ந்து நீ வராதே."

"சத்தியமா நான் தொடலை! அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!"

மகளுக்கு இது மூன்று வருஷம் அலைந்து வாங்கிய வேலை. சொல்லிவிடலாம். நான்தான் தேய்த்தேன். இரண்டே வார்த்தை.

வாயைத் திறந்தார். நாக்கு தடித்திருந்தது. நீண்டிருந்தது. எண்ணெய் வாடை, மர வாடை, மகளின் வியர்வை வாடை, எல்லாம் ஒரேயடியாக மூக்கில் அறைந்தன. தொண்டையிலிருந்து ஒரு செருமல் வந்தது. சொல் வரவில்லை.

மகள் பின்வாங்கினாள்.

"அப்பா எங்க? ஐயோ... யார் இதை உள்ள விட்டது?"

நான்தாம்மா. ஓர் அடி வைத்தார். கல்தரையில் டக் என்றது. இன்னோர் அடி. டக்.

மகள் அலறினாள்.

முற்றத்தில் கயிறு அறுந்தது.

வெள்ளையன் வாசலில் நின்றான். மோந்தான். பாய்ந்தான்.

கழுத்தில் பல் இறங்கியபோது தச்சர் பார்த்தார். வெள்ளை முகத்தில் வாய் மட்டும் சிவப்பு. வால் ஆடிக்கொண்டிருந்தது.