பத்து வரை எண்ணு

எஃபியின் தலைமுடி காயவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து மார்சலி நான்கு துண்டுகளை நனைத்துவிட்டாள். மகளை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்து, விறகுக்குப் பதிலாக எரிக்கும் சதுப்பு மண்கட்டிகள் கனன்று எரியும் வெக்கையில், உச்சியிலிருந்து நுனிவரை பிடித்துப் பிடித்துத் துவட்டினாள். துவட்டிய இடம் கையை எடுத்ததும் மறுபடி ஈரமாக மினுங்கியது; நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, கழுத்துக்குள் இறங்கியது. சனிக்கிழமை காலையில் தலையணையைத் தூக்கிப் பார்த்தால் மெத்தைவரை ஊறியிருந்தது. பாசியும் துருவும் கலந்த ஒரு வாசம் வேறு. படகின் அடிப்பலகையில் வரும் வாசம் அது. ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வருகிற வாசம் இல்லை.

"இந்த மூடுபனியில எதுதான் காயும்? என் காலுறையே இன்னும் சொதசொதன்னு இருக்கு" என்றான் கிரெய்க்.

அவள் புருஷன் கிளாஸ்கோக்காரன். எதையும் சிரிப்பாக்கிவிட்டால் அது சின்னதாகிவிடும் என்று நம்புகிறவன். அடுப்புக்கு மேலே கம்பியில் அவன் காலுறை நேற்றே காய்ந்து கருவாடு மாதிரி விறைத்துத் தொங்கியதை மார்சலி பார்த்தாள்.

அவர்கள் ஸ்கெல்வே தீவுக்கு வந்தது மூன்றே இரவுக்கு. குளிர்காலத்தில் மார்சலியின் அப்பா இறந்துபோனார்; அவர் பிறந்த இந்த வீடு அவளுக்கு வந்து சேர்ந்தது. தீவில் இப்போது ஆள் கிடையாது. ஆடுகள் உண்டு, காற்று உண்டு. மகளுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று ஜூன் மாதமாகப் பார்த்துக் கிளம்பினாள். இவ்வளவு வடக்கே ஜூனில் இரவு பேருக்குத்தான் இரவு, வெளிச்சம் முழுதாகப் போவதே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருட்டே இல்லாத ஊரில் அரள்வதற்கு என்ன இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மதியம் படகுக்கார லாக்லன் கொண்டுவந்து இறக்கினார். அவள் அப்பாவோடு மீன் பிடித்தவர், எழுபதைத் தாண்டியும் இரண்டு பெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினார். வீட்டின் முகம் கடலைப் பார்த்திருக்கும். ஆனால் அந்த முன்கதவைப் பிணம் எடுக்கும்போது மட்டும்தான் திறப்பார்கள். மார்சலியின் அம்மா போனபோது திறந்தது. அதன் பிறகு தாழ்ப்பாளும் துருவேறி, ஜன்னல்களுக்கும் பலகை அடித்தாயிற்று. சமையல், படுக்கை, பேச்சு எல்லாமே பின்கட்டில்தான்.

பின்கதவுக்கு வந்ததும் எஃபி தன் பையைக் கீழே வைத்தாள். மூன்று முறை தட்டினாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிரெய்க்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உள்ள யாரு கண்ணு இருக்கா? எலி வந்து திறக்குமா?"

"தட்டாம உள்ள போகக் கூடாதுன்னு அம்மாதானே சொன்னாங்க."

சொன்னது உண்மைதான். நூறு கதவுகள் உள்ள அடுக்குமாடியில் பிள்ளை வளர்ப்பவள் வேறென்ன சொல்லித் தருவாள்? மூன்று முறை தட்டு. பத்து வரை எண்ணு. திரும்பத் தட்டு. யாராவது திறக்கும்வரை நின்ற இடத்தை விட்டு நகராதே. எஃபி இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். சொந்த வீட்டுக் குளியலறையைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள்.

லாக்லன் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க யாரும் தட்ட மாட்டாங்க பாப்பா. தெரிஞ்சவங்க நேரா உள்ள வந்துருவாங்க. தட்டுறது கடல்லேர்ந்து வர்றது மட்டுந்தான்."

"அது வந்து என்ன கேக்கும்?"

"உள்ள விடச் சொல்லிக் கேக்கும். நீ திறக்காம இருந்தா போயிரும்."

"பிள்ளைய பயமுறுத்தாதீங்க" என்று மார்சலி வாயால் சொன்னாளே தவிர, மனம் வேறெங்கோ போய்விட்டது. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு இரவு முன்கதவு தட்டப்பட்டது. அப்பா எழுந்து போய் அதன்மேல் முதுகைச் சாய்த்தவர், விடியும்வரை அப்படியே நின்றார். காலையில் வாசற்படியில் ஒரு குத்துப் பாசி கிடந்தது. அப்பா அதைக் காலால் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தேநீர் குடித்தார்.

லாக்லன் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். அன்றே மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. எஃபி கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். செம்பட்டை முடிக்குக் கீழே அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது, மங்கியது, பிறகு தெரியவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு சத்தம். கனமான ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம்.

அடுத்த இருபது நிமிடங்களை மார்சலி சாகும்வரை மறக்கமாட்டாள். கிரெய்க் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மகள் பெயரைக் கத்தினான். குரல் பஞ்சில் குத்தியதுபோல் அங்கேயே அமுங்கியது. கயிறு எடுக்க அவள் வீட்டுக்கு ஓடினாள். பின்கதவு திறந்திருந்தது. அடுப்புக்கு முன்னால் எஃபி உட்கார்ந்திருந்தாள், தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட. கோட்டு இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது.

"எப்படிடா கண்ணு வந்தே?"

"நடந்து வந்தேன்."

கிடைத்த பிள்ளையை நிறுத்தி வைத்து விசாரிக்கிற தாய் எங்கே இருக்கிறாள்? வாரி எடுத்து முகமெல்லாம் முத்தமிட்டாள். உதட்டில் உப்புக் கரித்தது. கிரெய்க் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். "கோட்டு கடலுக்குப் போச்சு. போகட்டும், கடலுக்கு அது போதும்" என்றான்.

அன்று மாலை ஏழு மணிக்கு முன்கதவு தட்டப்பட்டது.

மூன்று முறை. இடையில் அமைதி. அந்த அமைதியில் அடுப்புச் சாம்பல் சரிவதும், கூரை ஓட்டிலிருந்து பனி சொட்டுவதும், கிரெய்க்கின் தேக்கரண்டி கோப்பையில் இடித்து நிற்பதும் கேட்டன. பிறகு மறுபடி மூன்று. பெரியவர்கள் தட்டும் உயரத்தில் இல்லை. தாழ்ப்பாளுக்குக் கீழே, சின்னக் கை எட்டும் உயரம்.

கிரெய்க் எழுந்தான். "யாராவது படகு தரைதட்டி வந்திருப்பாங்க. சுத்திப்போய்ப் பாத்துட்டு வரேன்."

"போகாத."

"ஏய், விளையாடுறியா?"

"என் பிள்ளை இன்னைக்குச் செத்துப் பொழைச்சிருக்கா. கடல் தொட்டதை விட்டுட்டுப் போகாது, தேடி வரும்னு அப்பா சொல்வாரு. நீ சிரிச்சுக்கோ. ஆனா போகாத."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், சிரிக்கவில்லை. எஃபி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "போகாதப்பா." அவன் கால்சட்டையில் இரண்டு ஈரக் கைகளின் தடம் பதிந்தது.

தட்டல் வெகுநேரம் கேட்டது. மூன்று. அமைதி. மூன்று. மார்சலியையும் அறியாமல் அவள் உதடு அந்த அமைதியை எண்ணியது. ஒவ்வொரு முறையும் பத்து.

பிறகு அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். மதியம் பின்கதவில் பிள்ளை தட்டியதை அது கேட்டிருக்கிறது. கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறது. திருடன் குரல் மாற்றிக் கூப்பிடுவதில்லையா, அப்படி.

சனிக்கிழமை முழுக்கப் பனி விலகவில்லை. எஃபி ரொட்டியைத் தொடவில்லை. உப்பிட்ட மீனை ஊறப்போடுவதற்கு முன்பே எடுத்து மென்றாள். எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடுகிறவள் பாடவில்லை. குளியலறையில் கிரெய்க் சவரம் செய்துகொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"அட, மகாராணியோட மரியாதையெல்லாம் கடலுக்குப் போச்சா?" என்றான் அவன்.

"இங்க யாரும் தட்ட மாட்டாங்கல்ல" என்றாள் எஃபி.

மார்சலிக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரே நாளில் தீவுக்காரி ஆகிவிட்டாளே!

மாலையில் கிரெய்க் அடுப்புக்கு மண்கட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போன நேரத்தில் அது மறுபடி வந்தது. இன்று இன்னும் கீழே. உட்கார்ந்தபடி தட்டுவதுபோல. கூடவே ஒரு குரல்.

"அம்மா."

மார்சலி இருண்ட முன்னறைக்குள் போனாள். ஈரச் சுண்ணாம்பு, பழைய துணி, எலிப்புழுக்கை வாசம். அப்பா செய்ததையே செய்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றிக்கொண்டாள்.

"அம்மா, கால் வலிக்குது. திறங்கம்மா."

மரத்தின் வழியாக ஒவ்வொரு தட்டலும் அவள் தொடையில் அதிர்ந்தது. அந்தக் குரல். காய்ச்சலில் கூப்பிடும்போது கீழே இறங்குமே, அதே இறக்கம். கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. துரு விரலில் ஒட்டியது.

"திறக்காதம்மா."

எஃபி முன்னறை வாசலில் நின்றாள். அவள் நின்ற பலகையில் நீர் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"திறந்தா நான் போகணும்" என்றாள்.

மார்சலி கையை எடுத்தாள். ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். "நீ எங்கேயும் போக மாட்டே. அம்மா விடமாட்டேன்." சில்லென்ற ஈரக் கூந்தல் அவள் கன்னத்தில் அப்பியது. கதவுக்கு அப்பால் அழுகை. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எஃபியின் காதைப் பொத்தவில்லை. எஃபி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குரல் இல்லை.

தட்டல் மட்டும். தரையோடு தரையாக. கதவின் அடிப்பலகையில்.

மூன்று.

நீண்ட அமைதி. பத்துக்கு மேல்.

இரண்டு. பிறகு நகம் உரசும் சத்தம்.

"எலிதான்" என்றான் கிரெய்க். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பளிச்சென்று விடிந்தது. பனி போன இடம் தெரியவில்லை, நல்ல காற்று. பின்கதவைப் பூட்டி, பின்பக்கத்து மேட்டுவழியாகவே படகுத்துறைக்கு இறங்கினார்கள். முன்பக்கம் போய்ப் பார்க்க மார்சலிக்கு மனம் வரவில்லை. ஜெயித்தாயிற்று, ஜெயித்த பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

லாக்லன் பெட்டிகளை வாங்கி வைத்தார். "தட்டிச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"மூணு நாளும். நான் திறக்கவே இல்லை."

"அப்பனுக்குப் பொறந்தவ." அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு எஃபியைத் தூக்கக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார். அவள் தானே ஏறி மார்சலியின் மடியில் உட்கார்ந்தாள். கடற்காற்று எல்லாருடைய முடியையும் கலைத்துக்கொண்டிருந்தது. எஃபியின் முடி மட்டும் மண்டையோடு ஒட்டிக் கிடந்தது.

படகு கிளம்பியது. இறுகியிருந்த முகத்தை இளக்கிக்கொண்டு லாக்லன் கேட்டார்: "என்ன பாப்பா, இப்பவும் தட்டிட்டுத்தான் உள்ள போறியா?"

"இல்லை" என்றாள் மடியிலிருந்தவள். "நான் எப்பவுமே தட்டினதில்லை."

கிரெய்க் சிரித்தான். மார்சலி சிரிக்கவில்லை. பின்கதவு நினைவுக்கு வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு காத்து நின்ற பிள்ளை நினைவுக்கு வந்தாள். அன்று மூன்று மணிக்கு மேல், திறந்து கிடந்த கதவும்.

படகு முனையைச் சுற்றியது. வீட்டின் முகம் தெரிந்தது.

வெயிலில் எல்லாம் துல்லியமாக இருந்தது. பலகை அடித்த ஜன்னல்கள். கல் படி. படியில், மூடிய கதவில் சாய்ந்தபடி, ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. அதற்கு மேலே செம்பட்டை முடி, காய்ந்து, காற்றில் பறந்துகொண்டிருந்தது.

மார்சலி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மஞ்சள் கை ஒன்று எழுந்தது. கதவில் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு மடியில் இறங்கிக் காத்திருந்தது. சொல்லிக்கொடுத்தபடி.

மார்சலியின் உதடுகள் எண்ணத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஈரமான ஐந்து விரல்கள் அவள் கையைக் கோத்துக்கொண்டன. எட்டு, ஒன்பது.

பத்து.

கை எழவில்லை.

அவள் நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். மடியிலிருந்த குரலும் அவளோடு சேர்ந்து, நிதானமாக, எண்ணிக்கொண்டு வந்தது.