மெர்வைத் தேடி வந்தவர்கள்

கண்ணாடித் தொட்டியில் அந்தக் கோடு மறுபடியும் விழுந்திருந்தது. நேற்றுத்தான் லோர்னா ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தாள். இன்று காலை அதே இடத்தில், எண்ணெய்க் கையால் இழுத்துவிட்ட மாதிரி, கீழிருந்து மேலாக ஒரு மங்கலான பட்டை. உள்ளே இருக்கும் பாம்பு மூக்கை உரசியிருக்கும் என்று நினைத்து விரலை வைத்துத் தேய்த்தாள். உடனே அழிந்தது. கோடு கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருந்தது.

உள்ளே மெர்வ் கிளையைச் சுற்றிக்கொண்டு அவளையே பார்த்தபடி கிடந்தது. கறுப்பு உடம்பில் மஞ்சள் பூ அள்ளித் தூவிய மலைப்பாம்பு, நல்ல ஆள் நீளம். லோர்னா ஆசைப்பட்டு வாங்கியதில்லை. காவலுக்கு வாங்கியது. ஊரில் மற்றவர்கள் நாய் வளர்ப்பார்கள். ஆனால் ட்ரெவர் நாய்களை ஒரு ரொட்டித் துண்டில் மயக்கிவிடுவான்.

ட்ரெவர் அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்து முடிந்து, வீடு அவளுக்கு என்று தீர்ப்பாகி, பூட்டை மாற்றிய பிறகும் வந்துகொண்டே இருந்தான். கடைக்குப் போய்த் திரும்பினால் சமையலறையில் உட்கார்ந்து அவளுடைய கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். அடித்ததில்லை. திட்டியதுகூட இல்லை. சும்மா உட்கார்ந்து பார்ப்பான், அவள் அழுது ஓயும்வரை பார்ப்பான், அப்புறம் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். போலீஸில் சொன்னால், அவர்தான் ஒன்றும் செய்யவில்லையே அம்மா என்றார்கள். இந்தப் பள்ளத்தாக்கை விட்டே போய்விடலாம் என்று பலமுறை பெட்டி கட்டி, பலமுறை அவிழ்த்திருக்கிறாள். பதினெட்டு வருடம் சம்பாதித்துக் கட்டிய வீட்டை ஒரு தேநீர்க் கோப்பைக்குப் பயந்து விடுவதா என்ற கோபம்தான் அவளை நிறுத்தி வைத்தது.

ட்ரெவருக்கு இருந்த ஒரே பயம் பாம்பு. தோட்டத்து ரப்பர் குழாயைப் பார்த்து மிரண்டு வண்டியின் மேல் ஏறி நின்றவன் அவன். அதனால் டவுன் ஹாலில் நடந்த ஊர்வனச் சந்தைக்குப் போய் மெர்வை வாங்கி வந்தாள். விற்ற தாடிக்காரன், "ஆம்பிளைதாங்க. தங்கமான பையன். பொட்டைன்னா முட்டை வைக்கும், சீறும், ஆயிரம் தொல்லை," என்று சொல்லி முறையான அனுமதிச் சீட்டோடு கொடுத்தான். முன்வாசலுக்கு நேர் எதிரே தொட்டியை வைத்தாள். அடுத்த தடவை கதவைத் தள்ளிய ட்ரெவர் போட்ட கூச்சலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும். அன்றிலிருந்து அவன் கேட்டைத் தாண்டவில்லை. பிக்கப் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஹாரனை அடிப்பான்.

"அந்தச் சனியன் என்னைக்குச் சாகுதோ அன்னைக்கு வர்றேன்டி உள்ள!"

"அதுக்கு இருவது வருசம் ஆயுசு இருக்காம். அதுவரைக்கும் அங்கயே நில்லு!"

அப்படிப் பதில் சொல்ல முடிந்ததே அவளுக்குப் பெரிய மருந்தாக இருந்தது. ராத்திரியில் தூக்கம் வந்தது. கூரைக்குள் எலிகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம்கூடத் தாலாட்டாகத்தான் கேட்டது.

கோடு விழுந்த அன்று மாலை வீட்டுக்குள் ஒரு வாடை இருந்தது. காய்ந்த இலைக் குவியலைக் கிளறினால் வருமே, அந்த வாடை. அதற்கடியில் பழைய செப்புக் காசைக் கையில் வைத்துக் கசக்கியது போல ஒன்று. ஜன்னல்களைத் திறந்தாள், மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்தாள், கடைசியில் தொட்டிக்கு அடியில் குனிந்தாள். அங்கே இன்னொரு பாம்பு கிடந்தது. மெர்வைவிட ஒல்லி. தாடையைத் தொட்டியின் அடிப்பலகையில் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அவளை அது பொருட்படுத்தவே இல்லை.

பாம்பு பிடிக்கும் பெவ் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். அறுபதைத் தாண்டியவள், அரைக்கால் சட்டை, வாயில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட்.

"லோர்னா கண்ணு, உன் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கான்டி," என்றாள், ஒல்லிப் பாம்பைப் பைக்குள் இறக்கிக்கொண்டே. "எங்க, உன் பையனைக் கொஞ்சம் வெளிய எடு."

சமையல் மேடையில் மெர்வைக் கிடத்தி, வால் தொடங்கும் இடத்துத் துளைக்குள், எண்ணெய் தடவிய மெல்லிய எஃகுக் கம்பியை மெதுவாகச் செலுத்தினாள். ஆணாக இருந்தால் கம்பி வால் பக்கமாக நன்றாக உள்ளே போகுமாம். போகவில்லை. நுழைந்ததும் நின்றுவிட்டது.

"பையனாவது மண்ணாவது. பொண்ணு."

"வித்தவன் ஆம்பிளைன்னு சத்தியம் பண்ணினானே பெவ்!"

"அவன் என்ன செய்வான், பாம்புக்கு மீசையா முளைச்சிருக்கு?" பெவ் கம்பியைத் துடைத்தாள். "வசந்த காலம் வந்துச்சுன்னா பொண்ணு வாசம் விடும். மலையைத் தாண்டி வருவானுங்க. இந்த ஜாதியில ஒரு விசேஷம், ஆம்பிளைங்க அடிச்சுக்க மாட்டானுங்க. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. அவளைச் சுத்திச் சும்மா கிடப்பானுங்க. வாரக்கணக்கா."

"சும்மா கிடந்து?"

"அவ இடம் குடுக்குற வரைக்கும் காத்திருப்பானுங்க."

அந்தச் சும்மா இருப்பதை லோர்னா நன்றாக அறிவாள்.

"என்கிட்ட குடுத்துடு. வசந்தம் முடிஞ்சு, கிறிஸ்துமஸ் வெயிலும் கழிச்சுக் கொண்டாந்து விடுறேன். இவ இல்லன்னா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்," என்றாள் பெவ்.

மெர்வ் போனால் ட்ரெவர் வருவான். அது பெவ்வுக்கும் தெரியும். ஆனால் லோர்னா வாயில் வந்தது அது இல்லை.

"குடுக்க மாட்டேன். நாலு பேரு பின்னாடி வர்றானுங்கன்னு அவ ஏன் வீட்டை விட்டுப் போகணும்? போறதுன்னா அவனுங்க போகட்டும்."

"நியாயந்தான். பாம்புகிட்ட யாரு போய் நியாயம் பேசுறது?" பெவ் பையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

அது ஆண் பெயர்தான், இருந்தும் லோர்னா மாற்றவில்லை. மெர்வ் மெர்வ்தான்.

அதன் பிறகு அவர்கள் வரத் தொடங்கினார்கள். குளியலறை ஜன்னல் விளிம்பில் ஒருவன், ஷூ வைக்கும் அலமாரியில் இருவர், ஒரு நாள் துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே வளைந்து வளைந்து ஒரு பெரியவன். பெவ் வந்து பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விட்டாள். பிடித்ததைவிட வந்தது அதிகம். கூரைக்குள் எலிகளின் ஓட்டம் ஓய்ந்து, அந்த இடத்தில் வேறொரு சத்தம் குடியேறியது: நனைந்த கம்பளியைத் தரையில் இழுத்தால் வரும் சத்தம், கொஞ்ச தூரம் இழுபட்டு, நின்று, யோசித்து, மறுபடி இழுபடும் சத்தம், எங்கே தொடங்கினாலும் தொட்டி இருக்கும் மூலைக்கு மேலே போய்த்தான் முடியும். லோர்னா தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகினாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடு உட்கார்ந்திருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாமே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மதியம் திடீரென்று காது அடைத்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, சில்வண்டுகள் நின்றுவிட்டன. வெயில் காலம் முழுக்க, பேச்சே கேட்காத அளவுக்கு மரம் மரமாக இரையும் சில்வண்டுகள். எழுந்து பார்த்தாள். தொட்டிப் பக்கத்து ஜன்னலின் கொசுவலை பச்சையாக இருந்தது. வலை தெரியாமல், ஒன்றின் மேல் ஒன்றாக, அத்தனை பச்சை வண்டும் உள்ளே பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சிறகுகூட அசையவில்லை.

பெவ்வுக்குப் போன் செய்தாள்.

"கத்துறது ஆம்பிளை வண்டுதான் கண்ணு, பொட்டைக்குச் சத்தம் கிடையாது. ஆனா..." பெவ்வின் குரல் மாறியது. "லோர்னா, வேற ஏதாச்சும் வந்திருக்கா?"

லோர்னா கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பக்கத்துப் பண்ணையின் கிழட்டுக் கடுவன் நாய், யாரைக் கண்டாலும் குரைத்துத் தீர்க்கும் ரஸ்டி, படியில் படுத்திருந்தது. தாடையைத் தரையில் ஒட்டவைத்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காதைக்கூடத் திருப்பவில்லை.

"இப்பவே கிளம்பி என் வீட்டுக்கு வா. அவளை அங்கயே விட்டுட்டு வா."

"வர மாட்டேன் பெவ்."

"வீம்புக்கு இது நேரமில்லடி!"

"வேற எப்ப நேரம்? வாழ்நாள் பூரா நான்தானே எழுந்து போயிருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. ட்ரெவரின் பிக்கப். வழக்கம்போல ஹாரன் அடிப்பான் என்று காத்திருந்தாள், என்ன பதில் சொல்லலாம் என்று நாக்கின் நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள். ஹாரன் வரவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, யூகலிப்டஸ் மரங்களின் நிழல் கேட்டைத் தொட்டு, முற்றத்தைக் கடந்து, படிக்கு வந்துவிட்டது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மண்வெட்டியோடு வெளியே வந்தாள். நாயைத் தாண்டி நடந்தாள். வண்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கேட்டும் திறந்திருந்தது.

"ட்ரெவர்! விளையாடாதே. வெளிய வா!"

செம்மண்ணில் அவனுடைய பூட்ஸ் தடம் கேட்டுக்கு உள்ளே வந்திருந்தது. நேராக வீட்டைப் பார்த்து வந்திருந்தது. பாதி முற்றத்தில் பூட்ஸ் இரண்டும் ஜோடியாக நின்றன. காலியாக. அதற்கு மேல் தடம் இல்லை.

ஒரு சால் இருந்தது. மூட்டையை இழுத்த மாதிரி அகலமான சால். வளைந்து வளைந்து போனது. தண்ணீர்த் தொட்டியின் அடிவரை போனது. அதன் மேலே ஏறினால் கூரை ஓரம் கைக்கெட்டும் தூரம். கூரைத் தகரத்தின் ஒரு மூலை பெயர்ந்து தூக்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய வண்டிச் சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. கேட் திறந்தே இருந்தது. ஓடலாம்.

அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது, தலையில் ஏறும் எரிச்சல். இதையும் அவனுக்கு விட்டுவிட்டுப் போனால் அப்புறம் எங்கே போய் நிற்பது? திரும்பி நடந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டாள்.

சமையலறைக்கு மேலே உள்கூரைப் பலகை இறங்கியிருந்தது. படுத்திருக்கும் ஆள் நீளத்துக்கு.

அது நகர்ந்தது.

கை ஊன்றும் சத்தம் இல்லை. முழங்கால் சத்தம் இல்லை. இழுபட்டது. நின்றது. இழுபட்டது. பலகையில் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்துத் தரையில் விழுந்தன. கூடத்துக்கு வந்தது. அவள் தலைக்கு மேல் வந்தது. தாண்டியது.

அவளும் கூடவே நடந்தாள். தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் மெர்வ் மெதுவாக அவிழ்ந்து உயரும் உரசல் கேட்டது.

"இது என் வீடு," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "இவ என் வீட்டுல இருக்கா. உனக்கு இங்க இடம் இல்ல. இறங்கினா வெட்டிடுவேன்."

பலகை விரிந்தது. சுண்ணாம்புத் தூள் கொட்டியது. அந்த வாடை.

பிளவின் விளிம்பில் ஒரு தாடை வந்து அமர்ந்தது. ட்ரெவரின் தாடை. சவரம் செய்யாத, சாந்தமான முகம். கண்கள் திறந்திருந்தன. வாழ்நாளெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள், இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் தொட்டியைப் பார்த்தன.

அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலை வந்து அதேபோலத் தாடையை வைத்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. பிளவு நெடுக, மூலையிலிருந்து மூலைவரை, வரிசையாக.

லோர்னா மண்வெட்டியை ஓங்கினாள்.

அத்தனை கண்ணில் ஒன்றுகூட இமைக்கவில்லை.