கடைசிப் பாட்டின் நான்காவது வரி

லாரி ஓட்டுநன் தன் தந்தையின் வீட்டைத் திறந்தபோது நடுப்பகல். ஆயினும் உள்ளே இருள் தேங்கிக் கிடந்தது. ஈரச் சுண்ணாம்பும் பழைய சுருட்டும் கலந்த நெடி முகத்தில் மோதியது. கிழவர் இறந்து ஒரு மாதமாகியும் அந்நெடி அகலவில்லை.

மெலிந்த குரலால் ‘கொசு’ என்று பெயர் பெற்ற அவன் நண்பன், எதிரொலியைச் சோதிக்கக் கைதட்டிக்கொண்டே அறை அறையாக நடந்து, மாடிப்படியின் அடியில் மைக்கையும் பதிவுக் கருவியையும் நிறுத்தினான்.

“இங்கதான் மச்சான் சத்தம் அழகா சுத்துது.”

தன் தாய் செத்துக் கிடந்ததும் அவ்விடத்தில்தான் என்பதை ஓட்டுநன் சொல்லவில்லை. பாட்டே சொல்லட்டும் என்றிருந்தான். இருவரும் சேர்ந்து செய்யும் ஆல்பத்தின் ஏனைய பாடல்கள் பதிவாகிவிட்டன. இந்த ஒன்றுக்காகவே அவன் அவற்றையெல்லாம் எழுதினான்.

“குதிரையத் தொட்டுக்கூடப் பார்த்ததில்ல. நமக்கெதுக்குடா அமெரிக்கக் குதிரைக்காரனோட கண்ட்ரி பாட்டு?” என்றான் கொசு.

“என் லாரியும் குதிரைதான். உதைச்சாத்தான் கிளம்பும். பட்டனை அமுக்கு.”

கிதாரை மீட்டிப் பாடினான். நான்காவது வரியைப் பல்லைக் கடித்துத் துப்பினான்:

‘தவறி விழவில்லை என் தாய், தள்ளியவன் என் தகப்பன்.’

ஹெட்போன் மாட்டியிருந்த கொசு நிமிர்ந்தான். “நாலாவது வரிய ஏன் விட்டுட்ட?”

“விடலடா. உன் டப்பாவப் பாரு.”

போட்டுக் கேட்டார்கள். கிதார் ஒலித்தது. அவ்வரியில் மட்டும் குரல் இல்லை.

மறுமுறை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

அப்போதும் இல்லை.

படிக்கட்டின் உச்சியில் பலகை கிறீச்சிட்டது.

“செத்தும் வாயப் பொத்துறியா?” என்று ஓட்டுநன் மாடியை நோக்கி உறுமினான்.

“யாரடா திட்டுற?” கொசுவின் குரல் கிசுகிசுப்பாயிற்று.

“திரும்பப் போடு.”

மூன்றாம் முறை பாடி முடித்ததும் கொசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வந்துடுச்சு மச்சான். என்னா வரிடா அது.”

ஓட்டுநன் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டினான். அவன் குரலேதான், அவனுக்கே உரிய கரகரப்பு, மெட்டிலும் பிசகில்லை.

‘தவறித்தான் விழுந்தாள் என் தாய், தாங்கியவன் என் தகப்பன்.’

மைக்கை உதைத்துத் தள்ளினான். கொசுவின் சட்டையைப் பற்றி வெயில் காயும் தெருவுக்கு இழுத்து வந்தான். கருவிக்குள் வேண்டுமானால் கிழவன் புகுந்துகொள்ளட்டும். வாய்ச்சொல்லை என்ன செய்துவிடுவான்?

“கேளு. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. சின்ன வயசு எனக்கு. கதவுக்குப் பின்னால நின்னு என் கண்ணால பார்த்தேன். எங்கம்மா படிக்கு மேல நின்னாங்க. எங்கப்பா பின்னால வந்து...”

தொண்டையை உள்ளிருந்து யாரோ பற்றியது போலிருந்தது.

“...ஓடி வந்து தாங்கிப் பிடிச்சாரு” என்றது அவன் வாய்.

“அய்யோ பாவம்டா உங்கப்பா” என்றான் கொசு.

ஓட்டுநன் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்தினான். விரல்களுக்கடியில் உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன.